டோபி காட் ராணி

டோபி காட், சிங்கப்பூர்
14 ஜூலை 1908

என் ராத்தா நூருன்னிசாவுக்கு, உன் ஒரே தம்பி ரவூப் சலாம் சொல்லி எழுதுவது.

அல்லாஹ்வின் கிருபையால் சுகமாக இருக்கிறேன். உன் வீட்டிலிருந்து ஒன்றரை மைல் தூரத்தில் இருந்துகொண்டு உனக்குக் கடிதம் எழுதுவது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் மச்சான் "இனிமே இந்த வாசப்படியை மிதிக்காதே" என்று கதவைச் சாத்திய பிறகு வேறு வழி தெரியவில்லை. அன்றைக்கு நீ அடுப்படியில் இருந்தாய். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் வந்துவிட்டேன். அதுதான் மனதை அறுக்கிறது.

மருத்துவப் பள்ளியில் எனக்கு யாரும் ஒரு குறையும் வைக்கவில்லை. பாடமும் வரத்தான் செய்தது. ஆனால் எங்களை வார்டுக்குக் கூட்டிப்போகும்போது மற்றவர்கள் நோயைப் பார்ப்பார்கள். நான் நோயாளியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வயிற்று வலிக்காரர் ஒருவர் இருந்தார். வெள்ளைக்கார டாக்டர் தொட்டால் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு முனகல். பெண்சாதி வந்துவிட்டால் வேறு முனகல், நீளமாக, ராகம் போட்டு. இரண்டையும் அறைக்கு வந்து செய்து காட்டினேன். கூட இருந்தவர்கள் கட்டிலில் உருண்டு சிரித்தார்கள். மறுநாள் பாடத்தில் அவருக்கு என்ன நோய் என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை, ராத்தா. ஆறு மாதமாக நான் எதைப் படித்துக்கொண்டிருந்தேன் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

இப்போது இருப்பது சந்திரோதய நாடக சபையில். துரைசாமி என்பவர் நடத்துகிறார். டோபி காட்டில் சலவைத் துறைக்குப் பின்னால் கொட்டகை. இங்கேயும் பாடவேளை உண்டு. விடிந்ததும் ஓடைத் தண்ணீரில் இடுப்பளவு நின்று குரல் பழக வேண்டும். பிறகு ஆர்மோனியம். பகலில் வசன மனப்பாடம். மாலையில் அசர் தொழுகைக்குப் பிறகு நடை, பார்வை, கத்திச் சண்டை. கடைசி வரிசையில் பாக்கு மெல்லுகிறவருக்கும் என் குரல் கேட்க வேண்டும் என்கிறார் துரைசாமி.

மறைத்து என்ன ஆகப்போகிறது? என் குரல் மெல்லியது என்பதால் எனக்கு ஸ்திரீ பார்ட் கொடுத்திருக்கிறார்கள். ராணி வேஷம்.

திட்டியாவது பதில் எழுது.

உன் தம்பி
ரவூப்


சிராங்கூன் ரோடு
19 ஜூலை 1908

தம்பி ரவூபுக்கு,

உன் கடிதத்தை எழுத்துக் கூட்டி மூன்று தடவை படித்தேன். முதலில் அழுகை வந்தது, அப்புறம் கோபம். மூன்றாவது தடவை அந்த வயிற்று வலிக்காரர் சங்கதியில் சிரித்துவிட்டேன். அதனால் கோபம் இன்னும் கூடிப்போயிற்று.

நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து சிலேட்டில் எனக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தது உன்னைத் திட்டி எழுதத்தானா? நீ படிப்பை விட்ட செய்தியைக் கொல்லைச் சுவர் வழியாகக் கதீஜா சொல்லி நான் கேட்டேன். "உங்க தம்பி கூத்தாடப் போயிட்டானாமே?" என்றாள். இல்லை என்று சத்தம் போட்டேன். உள்ளே வந்து உன் மச்சான் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவள் பொய் சொல்லவில்லை என்று தெரிந்தது. நீ முதலில் என்னிடம் சொல்லியிருக்க வேண்டாமா? உம்மா மௌத்தாகி அடக்கம் ஆன பிறகு பத்து வயதில் உன்னைக் கையைப் பிடித்துக் கப்பலேற்றிக் கூட்டி வந்தவள் நான்.

உன் மச்சானை நீ கல்நெஞ்சர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அந்தப் பள்ளியில் உன்னைச் சேர்க்கச் சிபாரிசு கேட்டு, துரைமாரிடம் செல்வாக்குள்ள அப்துல் அலீம் வீட்டுக்கு மூன்று தடவை நடந்தவர் அவர். துணிக்கடையில் உட்கார்ந்து எவரிடமும் தலை குனியாத மனுஷன், அங்கே வாசலில் நின்றுவிட்டு வந்தார். இப்போது அப்துல் அலீம் எதிரே வந்தால் சாலையின் அந்தப் பக்கம் போய்விடுகிறார். உனக்கு அது தெரியுமா?

சேலை கட்டிக்கொண்டு ஊர் முன்னால் நிற்கப் போகிறாயாம். வாப்பா இருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன்.

சலவைக்காரி கண்மணி நேற்றுத் துணி கொண்டுவந்தாள். "அந்தத் தம்பி எங்க துறையிலதாம்மா நின்னு கத்துது. துணியெல்லாம் அது போடுற சத்தத்துக்குப் பயந்து தானா வெளுத்துடும் போல" என்று சிரிக்கிறாள். எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

இனி எனக்கு எழுதாதே. எழுதுவதானால் தபாலில் போடாதே, கண்மணியிடம் கொடு. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தில் வருவாள். உன் மச்சான் வீட்டில் இருக்க மாட்டார்.

தண்ணீரிலிருந்து ஏறியதும் தலையைத் துவட்டு.

நூருன்னிசா


டோபி காட்
30 ஆகஸ்டு 1908

அன்புள்ள ராத்தாவுக்கு ரவூபின் சலாம்.

எழுதாதே என்று நீ எழுதிய கடிதத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். மச்சான் சங்கதி எனக்குத் தெரியாது. வாசலில் நின்றார் என்பதைப் படித்துவிட்டு அன்று முழுவதும் வசனம் ஏறவில்லை.

இப்போது பெரிய சிக்கலில் இருக்கிறேன். குரல் தேறிவிட்டது. பாட்டும் பரவாயில்லை. நடைதான் வரவில்லை. ராஜபார்ட் போடுகிற சுந்தரம் என் வயதுக்காரன், நல்லவன், ஆனால் வாயை அடக்கமாட்டான். நேற்று எல்லார் முன்னாலும் சொன்னான்: "ரவூபு, நீ ராணி இல்லடா. சேலை கட்டின போலீஸ்காரன்." துரைசாமி சிரிக்கக்கூட இல்லை. தீபாவளிக்குள் சரியாகாவிட்டால் ராணி வேஷம் வேறொருவனுக்கு, நான் திரை இழுக்கப் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

நாடகம் இதுதான். ராணி கனகவல்லிக்கு ஒரு தம்பி, அவன் தளபதி. யாரோ மூட்டிவிட்ட பேச்சைக் கேட்டு ராஜா அவனை நாடு கடத்திவிடுகிறான். செய்தி அந்தப்புரத்துக்கு வருகிற நேரம் ராஜாவும் சாப்பிட வருகிறான். ராணி ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் பரிமாற வேண்டும். நான் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்குகிறேன். தூணில் சாய்கிறேன். நெற்றியில் அறைந்துகொள்கிறேன். எல்லாம் செய்துவிட்டேன். துரைசாமி, "உனக்குப் பல்வலியா?" என்று கேட்கிறார்.

இங்கே இருக்கிற பதினோரு பேரும் ஆண்கள். யாரைக் கேட்பேன்? பெண்கள் எப்படி நடக்கிறார்கள், எப்படி உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள், இப்படி ஒரு சேதி கேட்டுவிட்டுப் புருஷனுக்குச் சோறு போடுகிறவள் என்ன செய்வாள்? நீ சொன்னால்தான் உண்டு.

ரவூப்


சிராங்கூன் ரோடு
4 செப்டம்பர் 1908, வெள்ளி

ரவூப்,

இதை என்னிடம் கேட்க உனக்கு வெட்கமாக இல்லையா? தம்பியைப் புருஷன் வீட்டைவிட்டு அனுப்பிய நாளில் ஒருத்தி எப்படிச் சோறு போட்டாள் என்று ஊரெல்லாம் விட்டு என்னைக் கேட்கிறாய். எழுதும்போது உனக்கு உறைக்கவேயில்லை போலிருக்கிறது. உறைத்திருந்தால் கேட்டிருக்க மாட்டாய். அதனால் மன்னித்தேன்.

முதலில் நடை. நீ காலை வீசி வைப்பாய், எனக்குத் தெரியாதா? சேலை கட்டினால் அந்த வீச்சுக்கு இடமில்லை. சிறு அடியாக வை. அதற்காகக் கோழி மாதிரி கொத்திக் கொத்தியும் நடக்காதே. இடுப்பில் ஒரு குடம் தண்ணீர் இருக்கிறது என்று நினைத்துக்கொள். சிந்தவும் கூடாது, நேரமும் ஆகிவிட்டது. அந்த அவசரம்தான் எங்கள் நடை. உட்காரும்போது தரையைப் பார்க்காதே. இருபது வருஷமாக உட்காருகிற தரை, அது எங்கே போய்விடும்?

அழுகை. எந்தப் பெண் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்ள முடியும்? ஒரு கையில் எப்போதும் ஏதாவது இருக்கும். கரண்டியோ, பிள்ளையோ, கதவோ.

இனி நீ கேட்டது. அன்றைக்கு மீன் குழம்பு. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. உன் மச்சான் வந்து உட்கார்ந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சோறு போட்டேன். குழம்பு ஊற்றினேன். "போதும்" என்றார். எனக்குக் காதில் விழுந்தது, ஆனால் கை நிற்கவில்லை. தட்டு நிறைந்து பாயில் வழிந்தது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக் கரண்டியை மெதுவாக நிமிர்த்தினார். நான் துணி எடுத்து வந்து பாயைத் துடைத்தேன். ரொம்ப நேரம் துடைத்தேன். அவ்வளவுதான். நான் அழவேயில்லை, ரவூப். அப்புறம் சட்டியைக் கழுவும்போதுதான் ருசி பார்த்தேன், குழம்பில் உப்பே போடவில்லை. ஒரு வார்த்தை சொல்லாமல் முழுவதும் சாப்பிட்டிருக்கிறார்.

இது உனக்கு உதவுமா என்று தெரியவில்லை. உதவாவிட்டால் கிழித்துப் போடு.

கண்மணி காத்திருக்கிறாள். என் பழைய சேலை ஒன்றைத் துணி மூட்டையில் வைத்திருக்கிறேன். அதைக் கட்டிக்கொண்டே அங்கே தண்ணீர் குடி, படிக்கட்டு ஏறு, நாள் முழுவதும் இரு. ஒரு மணி நேர ஒத்திகையில் வராது.

நூருன்னிசா


டோபி காட்
2 நவம்பர் 1908

அன்புள்ள ராத்தாவுக்கு,

பெருநாளைக்கு நீ கொடுத்தனுப்பிய நெய்ச்சோறு சூடாகவே வந்து சேர்ந்தது. பதினோரு பேரும் பங்கு போட்டோம். சுந்தரம் பானையை விரலால் வழித்துவிட்டு, "உங்க ராத்தாவை சபையில சேர்த்துடுவோம்" என்கிறான். பெருநாள் தொழுகையில் மச்சானைத் தூரத்தில் பார்த்தேன். முன் வரிசையில் இருந்தார். போய்க் கட்டித் தழுவலாமா என்று நினைப்பதற்குள் கூட்டத்தில் மறைந்துவிட்டார்.

இரண்டு மாதம் உன் சேலையில் வாழ்ந்தேன். முதல் வாரம் நான்கு தடவை விழுந்தேன். சலவைத் துறைப் பெண்கள் துணியை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கண்மணி அக்கா மட்டும் கரையில் நின்றுகொண்டு, "கொசுவத்தைத் தூக்கிப் புடி தம்பி! யாரு ராணி, நீயா நானா?" என்று அதட்டி அதட்டிப் பழக்கினாள்.

போன வியாழக்கிழமை அந்தக் காட்சிக்கு ஒத்திகை. நீ எழுதியதை யாரிடமும் சொல்லவில்லை. சுந்தரம் வந்து உட்கார்ந்தான். நான் பரிமாறினேன். அவன் "போதும்" என்றான். நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன். வெறும் கரண்டி, வெறும் தட்டு, ஆனால் அவன் வேட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தான், குழம்பு வழிகிற மாதிரி! பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தான். அது அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காதது. அடுத்து அவன் சொல்ல வேண்டிய வசனம் மறந்துபோயிற்று. ஆர்மோனியக்காரர் துருத்தியை நிறுத்திவிட்டார். நான் முந்தானையால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

துரைசாமி எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார். அப்புறம், "இதுக்கு மேல ஒரு பாட்டு வேணும்" என்றார். பாட்டு வேண்டாம் என்று நான் வாதாடினேன். "தம்பி, பாட்டில்லாம ராணி அழுதா சனம் அது அழுகையின்னே ஒத்துக்காது" என்கிறார். இரண்டு நாள் சண்டை. கடைசியில் துடைத்து முடிக்கிறவரை மௌனம், ராஜா எழுந்து போன பிறகு பாட்டு என்று முடிவாயிற்று. எனக்கும் அது சரியென்றே படுகிறது.

ராணி வேஷம் எனக்கே. ஜனவரி பதினாறாம் தேதி சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அரங்கேற்றம்.

உப்பில்லாத குழம்பை மச்சான் பேசாமல் சாப்பிட்டார் என்று எழுதியிருந்தாயே. அதை நினைத்துக்கொண்டுதான் அந்தக் காட்சியில் நுழைகிறேன். அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

ரவூப்


சிராங்கூன் ரோடு
6 நவம்பர் 1908

ரவூப்,

வெளிப்பட்டுவிட்டது. கண்மணி இந்த வாரம் ஒரு நாள் முந்தி வந்துவிட்டாள். உன் மச்சான் கடைக்குப் போகாமல் சளியோடு படுத்திருந்தார். அவள் மூட்டையை இறக்கிவைத்து, "ரவூபு தம்பி கடுதாசி" என்று அவர் கையிலேயே கொடுத்துவிட்டாள்.

நான் அடுப்படியிலிருந்து வந்து பார்த்தபோது கடிதம் அவர் மடியில் இருந்தது. பிரிக்கவில்லை. "எத்தனை நாளா நடக்குது?" என்றார். உண்மையைச் சொன்னேன். நீட்டினார். "படி" என்றார்.

வேறென்ன செய்வது? உரக்கப் படித்தேன். அவரைப் பெருநாள் தொழுகையில் பார்த்த இடத்தில் தொண்டையைச் செருமினார். சளிதான் என்று நினைத்துக்கொண்டேன். கண்மணி உன்னை அதட்டுகிற இடத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், தோள் குலுங்கியது. உப்பு சங்கதி வந்ததும் நான் நிறுத்தினேன். "ஏன் நிறுத்துறே?" என்றார். படித்தேன்.

எழுந்து உட்கார்ந்து சொன்னார்: "உப்பு இல்லையா அன்னிக்கு? எனக்குத் தெரியவே தெரியாதே."

இத்தனை நாளும் அவர் எனக்காகப் பொறுத்துக்கொண்டு சாப்பிட்டார் என்று நினைத்திருந்தேன். அவருக்கு ருசியே தெரியவில்லை, ரவூப். நான் போய்க் கஞ்சி வைத்தேன். அதில் மறக்காமல் உப்புப் போட்டேன்.

ஆனால் நீ ரொம்ப ஆசைப்படாதே. "எழுதிக்கோங்க, நான் தடுக்கலை. கொட்டகைக்கு மட்டும் என்னைக் கூப்பிடாதே. நான் அப்துல் அலீம் முகத்துல முழிக்கணும்" என்றார். இனி நீ தபாலிலேயே போடலாம்.

நூருன்னிசா


டோபி காட்
10 ஜனவரி 1909

ராத்தா,

இன்னும் ஆறு நாள். சோறு இறங்கவில்லை. அரிதாரம் பூசிப் பார்த்தார்கள். கண்ணாடியில் பார்த்தேன், ஒரு கணம் உம்மா மாதிரி இருந்தது. கண்ணாடியை வேறு பக்கம் திருப்பி வைத்துவிட்டேன்.

பெண்கள் பக்கம் தனியாக மூங்கில் தட்டி கட்டியிருக்கிறார்கள். மச்சான் வராவிட்டால் கதீஜா அக்காவோடு நீ வா. ஒரே ஒரு காட்சி பார்த்துவிட்டுப் போய்விடு. அந்தக் காட்சியில் என் கை நடுங்குகிறது, ராத்தா. ஒத்திகையில் நடுங்கியதில்லை. என்ன செய்ய?

ரவூப்


சிராங்கூன் ரோடு
13 ஜனவரி 1909

ரவூப்,

நடுங்கினால் நடுங்கட்டும். என் கையும் நடுங்கத்தான் செய்தது, உன்னிடம் சொல்லவில்லை.

உன் மச்சான் இல்லாமல் நான் வரமாட்டேன். அவரை வீட்டில் விட்டுவிட்டு உன்னை வந்து பார்த்தால் எனக்குப் பாதிதான் பார்த்த மாதிரி இருக்கும். நீ வருத்தப்படாதே.

இன்னொரு சங்கதி. இன்று காலை வாசலில் ஒரு ரிக்‌ஷாக்காரரிடம் சனிக்கிழமை மாலைக்கு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். எங்கே என்று கேட்டேன். துறைமுகத்தில் சரக்கு பார்க்க என்றார். சரக்குப் பார்க்க இரண்டு பேர் உட்காருகிற ரிக்‌ஷா எதற்கு என்று நான் கேட்கவில்லை.

சாப்பிடு.

நூருன்னிசா


டோபி காட்
17 ஜனவரி 1909

என் உயிர் ராத்தாவுக்கு,

நீ வந்திருந்தாய்! மூங்கில் தட்டிக்குப் பின்னால் முகம் தெரியாது, ஆனால் நான் தரையைத் துடைக்கும்போது அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மூக்குறிஞ்சல் கேட்டது. அது உன்னுடையது. ஆயிரம் பேரில் எனக்குத் தெரியும்.

கை நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டேன். கொட்டகையில் பாக்கு மெல்லுகிற சத்தம்கூட நின்றுவிட்டது. பாட்டு முடிந்ததும் மறுபடி பாடச் சொல்லிக் கூச்சல். துரைசாமி திரைக்குப் பின்னாலிருந்து, "நான் சொன்னேனா இல்லையா?" என்று விரலைக் காட்டுகிறார். மூன்று தடவை பாடினேன்.

இனிமேல் எழுதப் போவதை மச்சானிடம் சொல்லிவிடாதே. ஆட்டம் முடிந்து நான் வேஷம் கலைக்காமல் உள்ளே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் யாரும் இல்லை. வாசலில் மச்சான் வந்து நின்றார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டு, "ஏம்மா, இங்கே ரவூபுன்னு ஒரு பிள்ளை இருக்கானே, எங்கே அவன்?" என்று கேட்டார்.

என்னைத் தெரியவில்லை, ராத்தா! எனக்குச் சிரிப்பு வந்தது. நான்தான் மச்சான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது ராணியின் குரல். "முகம் கழுவப் போயிருக்காருங்க. ஏதாச்சும் சொல்லணுங்களா?"

கொஞ்சம் தயங்கினார். பிறகு சொன்னார். ஒரு எழுத்து விடாமல் எழுதுகிறேன்.

"அவன் மச்சான் சேக் தாவூது வந்தேன்னு சொல்லுங்க. கதவைச் சாத்தினது நான்தான். அப்புறம் தினம் அவன் வருவான், தட்டுவான்னு உக்காந்திருந்தேன். அவன் தட்டலை. நான் திறந்து வச்சிருக்கணும், அது எனக்குத் தோணலை. டாக்டர் ஆகலைன்னு எனக்கு வருத்தம் இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா இன்னிக்கு அவனைப் பார்த்துட்டு அந்த வருத்தத்தை மட்டும் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போக முடியலை. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுதுட்டு நேரா சாப்பிட வரச் சொல்லுங்க."

"சொல்றேங்க" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நான் அரிதாரம் கரைய அழுதேன். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டுதான் அழுதேன், நீ என்ன சொன்னாலும்.

அவரை ஏமாற்றிவிட்டேனே என்று இரவெல்லாம் உறுத்தல். வெள்ளிக்கிழமை எந்த முகத்தோடு வந்து உட்காருவேன்?

உன் தம்பி
ரவூப்


சிராங்கூன் ரோடு
18 ஜனவரி 1909

தம்பி ரவூபுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் தனியாகச் சிரித்தேன். பால் பொங்கிப் போயிற்று.

உன் மச்சான் என்னிடம் சத்தியம் வாங்காத குறையாக ஒரு விஷயத்தைச் சொல்லி, உன்னிடம் சொல்லாதே என்றிருக்கிறார். நீயும் ஒன்றைச் சொல்லி, அவரிடம் சொல்லாதே என்கிறாய். நான் எத்தனை பேருக்குப் பெட்டி பூட்டி வைப்பேன்? உன்னுடையதைப் பூட்டி வைக்கிறேன். அவருடையதைத் திறந்துவிடுகிறேன்.

கொட்டகையில் அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது யார் தெரியுமா? அப்துல் அலீம். பரிமாறுகிற காட்சி முடிந்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யாருங்க இந்த ராணி?" என்று கேட்டாராம். உன் மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்து, "நம்ம மச்சினன்தான்" என்றாராம். அப்துல் அலீம் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாராம். ரிக்‌ஷாவில் இதை எனக்கு நான்கு தடவை சொன்னார்.

அப்புறம்தான் மெதுவாகச் சொன்னார், நீ பெட்டிமேல் உட்கார்ந்திருந்ததை. "தெரியலைன்னு அவன் நினைச்சுக்கிட்டான், நூரு. எனக்கா தெரியாது? பத்து வயசிலேர்ந்து என் முன்னால வளர்ந்தவன். ஆனா ரவூபுன்னு கூப்பிட்டா, அப்புறம் எனக்கு ஒரு வார்த்தை வந்திருக்காது. அவன் சேலை கட்டிக்கிட்டு இருந்தான். நான் சொல்ல வந்ததைச் சொல்லிட்டேன்."

இந்த வீட்டில் நடிக்கத் தெரிந்தவன் நீ ஒருவன்தான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வா.

உன் ராத்தா
நூருன்னிசா